பேராசை யாருக்குச் சொந்தம்?

'பேராசை பெரு நஷ்டம்' என்பது நம் நாட்டில் எழுத்தறியாதவரும் அறிந்த பழமொழி. ஒருவன் கைப்பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றால், அவனை உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே இந்தப் பழமொழியைச் சொல்லிவிடுகிறோம். செலவில்லாத தானம் அல்லவா? ஆனால் இந்தத் தானத்தை எல்லாருக்கும் ஒரே அளவாக வழங்குகிறோமா என்பதில் நமக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு வித்திட்டவை 2014ஆம் வருஷத்தில் இரண்டு மாத இடைவெளியில் வந்த இரண்டு விஷயங்கள். ஒன்று, பெரம்பலூர், அரியலூர் ஜனங்கள் கொட்டகையில் பார்த்துச் சிரித்த சினிமாக் கதை. மற்றொன்று, அவர்கள் மண்ணிலேயே நடந்து, பத்திரிகை வாயிலாக அவர்களுக்கே திரும்பி வந்த நிஜக் கதை.

முதலில் சினிமாவைப் பார்ப்போம். 'சதுரங்க வேட்டை' என்னும் படம் அவ்வருஷம் ஜூலை மாதம் 18ஆம் தேதி வெளிவந்தது. ஹெச். வினோத் டைரக்ட் செய்த முதற் படம் அது. தயாரித்தவர்களில் ஒருவர் நடிகர் மனோபாலா. அதுவரையில் ஒளிப்பதிவாளராகவே பெரிதும் பெயர் பெற்றிருந்த நட்டி என்கிற நடராஜ் அதில் கதாநாயகன். கதாநாயகன் என்றால் ஊரைக் காப்பாற்றும் வீரன் அல்ல; ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் எத்தன். அந்த எத்தனுக்குக் கதாசிரியர் சூட்டிய பெயர் காந்தி பாபு! மகாத்மாவின் பெயரை வைத்துக்கொண்டு அவருடைய படம் அச்சடித்த நோட்டுக்களைப் பறிக்கிறான் என்பதில் உள்ள கசப்பான பரிகாசத்தை விளக்கத் தேவையில்லை.

இந்தக் காந்தி பாபு கத்தியைக் காட்டி யாரையும் மிரட்டுவதில்லை. மண்ணுளிப் பாம்பைக் காட்டி, 'இதற்கு இரட்டைத் தலை. அயல்நாட்டில் கோடிக் கணக்கில் விலை போகும்' என்று ஒருவரை நம்பவைக்கிறான். ஆள் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலி வியாபாரத்துக்கு ஜனங்களைக் கூட்டுகிறான். அட்சய திருதியைக்குத் தங்கம் மலிவாகக் கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறான். அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்னும் புரட்டும் படத்தில் வருகிறது. மண்ணுளிப் பாம்புக்கு உள்ளது ஒரே தலை. வால் மழுங்கியிருப்பதால் இரண்டு போல் தோன்றுகிறது. இரிடியம் என்பது மிகக் கனமான, அரிதான உலோகம். அரிசியை இழுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. இவ்வளவும் பள்ளிக்கூடத்துப் பாடந்தான். ஆயினும் படத்தில் ஏமாறுகிறவர்கள் எல்லாரும் கேள்வி கேட்காமலே ஏமாறுகிறார்கள். உலகம் தன்னிடம் இரக்கம் காட்டவில்லை. தான் மட்டும் எதற்காகக் காட்ட வேண்டும் என்பது அவனுடைய நியாயம்.

படம் கெட்டிக்காரத்தனமாக எடுக்கப்பட்டிருக்கிறது; சந்தேகம் இல்லை. ஒவ்வொருவன் ஏமாறும்போதும் கொட்டகையில் சிரிப்பு அலை மோதிற்று. நாமும் சிரித்தோம். வெளியே வந்தபோது நமக்கு முன்னால் நடந்த இளைஞர்கள், "பேராசை பிடிச்சவனுக்கு வேண்டியதுதான்" என்று பேசிக்கொண்டு போனார்கள். படத்தின் நீதி அதுதான் என்று அவர்கள் கொண்டதில் வியப்பில்லை. ஏமாற்றுகிறவனுக்கு மூலதனம் ஏமாறுகிறவனின் ஆசை என்றே படம் நெடுகச் சொல்லி வருகிறது.

ஆசை உண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த ஆசை எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

நம் இரு மாவட்டங்களும் வானம் பார்த்த பூமி. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. அரியலூர்ப் பக்கம் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலாக இருந்த இடம் அது. 1979இல் சர்க்கார் சிமெண்ட் ஆலை அங்கே தோன்றிற்று. தனியார் ஆலைகளும் பெருகின. சுண்ணாம்புக்கல் உள்ள நிலத்தை விற்றவன் ஒருவன்; அதற்கு அடுத்த வரப்போடு கல் நின்றுபோனதால் விற்க முடியாதவன் ஒருவன். ஒரு வீட்டுப் பிள்ளை சிங்கப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்ப் பணம் அனுப்புகிறான்; எதிர்வீட்டுப் பிள்ளை ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு ஊரிலேயே நிற்கிறான். நேற்றுவரை ஒரே கூரையைப் போல் இருந்த இரண்டு கூரைகளில் ஒன்று மாடியாகிறது. மற்றொன்று அப்படியே இருக்கிறது. எங்கோ பட்டணத்தில் ஒரு கோடீசுவரன் ஏழு மாடி கட்டினால் நம் குடியானவனுக்குத் தூக்கம் கெடுவதில்லை. பங்காளி ஒரு மாடி கட்டினால் கெடுகிறது. பொறாமை தூரத்துச் செல்வத்தைப் பார்த்து வருவதன்று. கூப்பிடு தூரத்துச் செல்வத்தைப் பார்த்து வருவது.

சில வருஷங்களுக்கு முன்னால், பெரம்பலூருக்கு மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தகப்பனார் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெங்காய வெள்ளாமைக்காரர். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியிருந்தாள். கல்லூரிக்கு அனுப்புவது பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தோம். "இந்த வருஷம் முடியாதுங்க ஐயா" என்றார். காரணம் கேட்டோம். வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். மகள் படிப்புக்கும் கலியாணத்துக்குமாகச் சேர்த்து வைத்திருந்த இரண்டு லட்சம் ரூபாயை மாதாந்தர வட்டி தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனியில் போட்டிருக்கிறார். நான்கு மாதம் வட்டி வந்தது. பிறகு கம்பெனியின் கதவு சாத்திக்கிடந்தது. சேர்த்துவிட்டவர் சொந்தத்திலேயே ஒருவர்; அவருடைய பணமும் போயிற்று.

"ஏன் போட்டீர்கள்?" என்ற கேள்வி நம் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கு அவர் சொன்ன பதிலை நாம் மறக்கவில்லை. "எதிர்வீடு என் பங்காளி வீடுங்க. அவங்க மாடி எடுத்தாங்க. வீட்டில அவ ஒரு வார்த்தை சொல்லலீங்க. சொல்லியிருந்தாத் தாங்கியிருப்பேன்."

போலீசில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, "ஊரே சிரிக்குமுங்க" என்றார்.

அந்தப் பெண் அவ்வருஷம் கல்லூரியில் சேரவில்லை. பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் ஒரு வருஷம் நின்றாள். மறு வருஷம் சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்துச் சேர்ந்தாள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு வருஷம் என்பது எவ்வளவு என்று பெண் பெற்றவர்களைக் கேட்டால் தெரியும்.

இவரைப் போன்றவர்கள் நாட்டில் எத்தனை பேர்? திருப்பூரில் 2009இல் அம்பலமான 'பாசி' என்னும் அந்நியச் செலாவணிக் கம்பெனி சுமார் 930 கோடி ரூபாய் வசூலித்திருந்தது. அதை நடத்தியவர்களுக்கு 2022இல் கோயம்புத்தூர் நீதிமன்றம் 27 வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. 2012இல் பெருந்துறைப் பக்கத்து ஈமுக் கோழிப் பண்ணைகள் சாய்ந்தன. 2022இல் 'ஆருத்ரா' என்னும் தங்க வியாபாரக் கம்பெனியின் மீது வழக்கு வந்தது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல் துறை கூறிற்று. அந்தக் கம்பெனி மாதத்துக்கு 25 முதல் 30 சதவிகிதம் வரையில் தருவதாகச் சொல்லிற்றாம். நூறு ரூபாய்க்கு மாதம் முப்பது ரூபாய்!

இதற்குக் கணக்குப் போட ஏழாம் வகுப்புப் படிப்புப் போதும். ஒருவன் ஒரு லட்சம் கொடுக்கிறான். அவனுக்கு மாதம் முப்பதாயிரம் வீதம் மூன்று மாதம் கொடுத்தால் தொண்ணூறாயிரம் தீர்ந்தது. நான்காம் மாதத்துக்குக் கையில் இருப்பது பத்தாயிரம். அவனுக்கு ஒரு வருஷம் முழுதும் கொடுக்க மூன்று லட்சத்து அறுபதாயிரம் வேண்டும். ஆகவே அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் பணம் கொண்டுவர வேண்டும். அந்த மூவருக்கும் கொடுக்க ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு இருபத்தேழு பேர். இப்படியே போனால் சில படிகளில் நம் மாவட்டத்தில் ஆள் தீர்ந்துவிடும். இன்னும் சில படிகளில் நாட்டிலேயே தீர்ந்துவிடும். 1920இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்ஸி என்பவன் நாற்பத்தைந்து நாளில் நூற்றுக்கு ஐம்பது லாபம் என்று சொல்லிப் பிடிபட்டதும் இதே கணக்கில்தான். நூறு வருஷமாகக் கணக்கு மாறவில்லை. கம்பெனிப் பலகையின் பெயர்தான் மாறியது.

சரி, படிப்பில்லாத ஏழைக்குக் கணக்குத் தெரியவில்லை. ஆசை கண்ணை மறைத்தது என்றே வைத்துக்கொள்வோம். இனி இரண்டாவது கதைக்கு வருவோம்.

உடையார்பாளையத்தைச் சேர்ந்த பகுதியில் ஸ்ரீபுரந்தான் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பிருகதீசுவரர் ஆலயம் சோழர் காலத்தது. வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்த அந்த ஆலயத்தில் 2006ஆம் வருஷம் கள்வர் புகுந்து பஞ்சலோக விக்கிரகங்களைக் கொண்டுபோனார்கள். அப்போது அவ்வூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. 2007 நவம்பரில் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. கோயில் பூட்டியே கிடந்தபடியால் திருட்டு நடந்ததே வெளியே தெரியவில்லை. விக்கிரகங்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுவதற்காக 2008இல் அதிகாரிகள் வந்து பார்த்தபோதுதான் பீடம் வெறுமையாக இருந்தது தெரிந்தது.

அதே 2008இல், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்னும் கலைப்பொருள் வியாபாரியிடமிருந்து ஒரு சோழர் கால நடராஜரை வாங்கிற்று. விலை ஐம்பத்தொரு லட்சம் அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் சுமார் இருபது கோடி ரூபாய். அந்த நடராஜர்தான் நம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். பழம்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1972இல் இயற்றப்பட்டது. விக்கிரகம் அதற்கு முன்பே வெளியேறிவிட்டது என்று காட்டுவதற்குப் பழைய காகிதம் ஒன்று தயாராயிற்று. காகிதம் பொய்க் காகிதம். அதே விக்கிரகம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1994இலேயே படம் எடுத்து வைத்திருந்தார்கள்! சிங்கப்பூரில் வசிக்கும் தமிழர் எஸ். விஜயகுமாரைப் போன்ற ஆர்வலர்கள் பழைய படங்களையும் அயல்நாட்டுக் காட்சிச்சாலைப் படங்களையும் ஒப்பிட்டுப் புரட்டை வெளிப்படுத்தப் பாடுபட்டார்கள். கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதானார். 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அருகிலுள்ள சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் விக்கிரகங்கள் களவுபோன வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. நடராஜரோ 2014 செப்டம்பர் 5ஆம் தேதியே தாய்நாடு திரும்பிவிட்டார். ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி டோனி அபட் டில்லிக்கு வந்து நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். அன்று ஆசிரியர் தினம். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று சொல்ல நல்ல செய்தி கிடைத்தது.

இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வெங்காயக்காரர் ஒரு காகிதத்தை நம்பினார். கலைக்கூடத்தாரும் ஒரு காகிதத்தை நம்பினார்கள். வெங்காயக்காரருக்கு அந்தக் காகிதத்தைச் சோதிக்க ஆள் பலம் இல்லை. கலைக்கூடத்துக்கு அறிஞர் உண்டு, வக்கீல் உண்டு, தேசத்தின் பொக்கிஷம் உண்டு. புதுச்சேரிக்கு ஒரு கடிதம் எழுதிப் படத்தைக் கேட்டிருந்தால் இருபது கோடி மிஞ்சியிருக்கும். ஏன் எழுதவில்லை? நமக்குத் தோன்றுவது இதுதான்: உலகத்துப் பெரிய காட்சிச்சாலைகளில் சோழர் நடராஜர் இருக்கிறார், நம்மிடமும் ஒருவர் இருக்க வேண்டாமா என்னும் ஏக்கம், பங்காளி வீட்டு மாடியைப் பார்த்த ஏக்கத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரனாக இருக்கலாம். கோடீசுவரர்களுக்கும் எதிர்வீடு உண்டு.

ஆனால் ஏமாந்த பிறகு நடந்ததில் எவ்வளவு வித்தியாசம்! கலைக்கூடத்தார் தலைகுனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 'நாங்கள் மோசடிக்கு ஆளானோம்' என்று 2014 தொடக்கத்தில் நியூயார்க் நீதிமன்றத்தில் கபூர் மீது வழக்குத் தொடுத்தார்கள். செய்ய வேண்டியதுதான், அதை நாம் குறை கூறவில்லை. அவர்களைப் பார்த்து 'பேராசை பெரு நஷ்டம்' என்று யாராவது சொன்னதாக நாம் கேள்விப்படவில்லை. இரண்டு லட்சம் இழந்தவன் பேராசைக்காரன். இருபது கோடி இழந்தவர் ஏமாற்றப்பட்டவர். தொகை பெருகப் பெருகக் குற்றம் குறைந்துகொண்டே போகிறது! பணக்காரனுக்கும் ஏழைக்கும் நடுவிலுள்ள சுவரை நாம் வீட்டிலும் வாசலிலும் மட்டும் எழுப்பவில்லை, வார்த்தையிலும் எழுப்பியிருக்கிறோம்.

வள்ளுவர் திருக்குறளில் அழுக்காறாமையைப் பதினேழாவது அதிகாரமாக வைத்து, பிறர் பொருளை விரும்பாதிருக்கும் வெஃகாமையை அதற்கு அடுத்த அதிகாரமாக வைத்தார். முதலில் பொறாமை, அதைத் தொடர்ந்து பிறர் பொருளின் மேல் ஆசை, வரிசை எவ்வளவு பொருத்தம்! ஆனால் அந்த இரண்டு அதிகாரங்களையும் ஏழைகளுக்கென்று தனியாக அவர் ஒதுக்கிவிடவில்லை. மனித சுபாவத்துக்கு எழுதினார்.

பழமொழிக்கு வருவோம். அது ஏழையை அவமானப்படுத்துவதோடு நின்றால்கூடப் போகிறது என்று விட்டுவிடலாம். அதற்கு வேறொரு பலனும் உண்டு. 'ஊரே சிரிக்கும்' என்று அந்தத் தகப்பனார் பயந்தார் அல்லவா? அந்தப் பயந்தான் எத்தனுடைய இரண்டாவது மூலதனம். முதல் மூலதனமான ஆசையைக் கொண்டு பணத்தை வாங்குகிறான். இரண்டாவது மூலதனமான வெட்கத்தைக் கொண்டு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்கிறான். புகார் கொடுக்காத ஒவ்வொருவரும் அடுத்த ஊரில் அவன் கடை திறப்பதற்கு வாடகைப் பணம் கொடுத்தவர் ஆகிறார். அந்த வெட்கத்தை ஊட்டியவர்களோ திண்ணையில் உட்கார்ந்து சிரித்த நாமெல்லாரும்.

தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலனைப் பாதுகாக்க 1997ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஏமாற்றிய கம்பெனியின் சொத்துக்களை முடக்கி, விற்று, பணம் கொடுத்தவர்களுக்குப் பங்கிட அது வழி செய்கிறது. புகாரை விசாரிக்கப் பொருளாதாரக் குற்றப் பிரிவு என்று போலீசில் தனிப் பிரிவே உண்டு. ஆனால் பங்கு கேட்பவன் முதலில் வாயைத் திறந்து 'நான் ஏமாந்தேன்' என்று சொல்ல வேண்டும். சட்டத்தால் அவனுடைய நாவைப் பிடித்து இழுக்க முடியாது.

நம் முன்னோர் ஏமாந்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்னும் வெள்ளைக்கார வியாபார ஸ்தாபனம் முறிந்தது. ராஜதானியிலேயே அதற்கு இணையான பெயர் பெற்ற கம்பெனிகள் சிலவே. விதவைகளும் பென்ஷன்காரர்களும் உத்தியோகஸ்தர்களுமாக ஆயிரக்கணக்கானவர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அன்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலிய பெரியோர், 'வட்டிக்கு ஆசைப்பட்டீர்கள். அனுபவியுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஜனங்கள் பணத்தைப் போடுவதற்கு நம்மவர் நடத்தும் நாணயமான இடம் இல்லாததே குறை என்று கண்டார்கள். கூட்டம் கூட்டினார்கள், பங்கு சேர்த்தார்கள், 1907 ஆகஸ்டு 15ஆம் தேதி இந்தியன் வங்கி வேலை தொடங்கிற்று. தேசம் விடுதலை பெறுவதற்குச் சரியாக நாற்பது வருஷங்களுக்கு முன்னால், அதே தேதியில்!

புது வங்கி தொடங்குவது நம்மால் ஆகிற காரியம் அன்று. ஆனால் சிறிய காரியங்கள் இருக்கின்றன. வட்டிக் கணக்கைப் பரீட்சைக்காக மட்டும் சொல்லிக்கொடுக்காமல், கடைத்தெருவில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். மாதம் முப்பது சதவிகிதக் கணக்கை நாம் இப்போது வருஷந்தோறும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறோம். பூட்டிக் கிடக்கும் கோயில் நம் ஊரில் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குப் படமும் பதிவும் உண்டா என்று விசாரிக்கலாம். ஸ்ரீபுரந்தான் நடராஜரை மீட்டுத் தந்ததில் ஒரு பழைய படத்துக்கு உள்ள பங்கு சாமானியமானதல்ல. பணத்தை இழந்த ஒருவர் இனி நம் வீட்டு வாசலில் வந்து நின்றால், பழமொழியை மடித்து உள்ளே வைத்துவிட்டு வேறு நான்கு கேள்விகளைக் கேட்கலாம்: எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்? யாரிடம்? எவ்வளவு? ரசீது இருக்கிறதா?

இருந்தால், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவரோடு போலீஸ் ஸ்டேஷன் வரையில் நடக்கலாம். துணைக்கு ஓர் ஆள் நடந்து வந்தால் ஊர் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.